பின்னாடி எரியுதா?

ஐயோ தம்பி, கதவைத் தட்டாதீங்க. உள்ளே தூங்கலை அவன். வெளிய இருக்கற சுவிட்சைப் போட்டு ஃபேனையும் ஓட விட்டுடாதீங்க, காத்து அடிக்கக்கூடாது. வேலை முடிஞ்சா அவனே வெளிய வருவான். யாரு எவருன்னு தெரியாம ரூமைத் திறந்து விட்டீங்களே, உங்களுக்குப் புண்ணியமுங்க. மாதேஷ்ங்கறது நீங்கதானுங்களா? போர்டுல பார்த்தேன்.

பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லீங்க. என்ற பையனுக்குக் கிட்னி ரெண்டும் வேலை செய்யறதில்லை. வயித்துல ஒரு குழாய் வெச்சு விட்டிருக்காங்க. பையில மருந்துத் தண்ணி இருக்கு, அதை மேல மாட்டி உள்ளே விடணும். சில மணி நேரம் கழிச்சு வடிச்சுப்போட்டு மறுபடியும் புதுசு. ஒரு நாளைக்கு நாலு தடவை. கையைக் கழுவி, வாயைக் கட்டி, எல்லாம் அவனே பண்ணிக்குவான். என்னையக்கூட உள்ளே விடமாட்டான். "அப்பா, உங்களுது லாரி மூச்சு, வெளிய நில்லுங்க"ம்பான். பீடியை விட்டு எத்தனையோ வருசமாச்சு, இருந்தும் சொல்லுவான்.

நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் பாட்டுக்குப் பேசிட்டு இருக்கேன். இன்னிக்குப் பேசலேன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும்.

என்னாச்சுன்னா, அந்த டோல்கேட் தாண்டி ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினாரு. பைக்குக்குப் பின்னாடி டிரெய்லரைக் கண்டா யாரு சும்மா விடுவாங்க. மூடியைத் திறக்கச் சொல்லிப் பையை அமுக்கி அமுக்கிப் பார்த்துப்போட்டு, சாராயமாடான்னு கேட்டாரு. சட்டையைத் தூக்கிக் குழாயைக் காட்டினான். அந்த மனுசன் முகம் சுண்டிப்போச்சு. சரி சரி போன்னாரு. போற நேரத்துல பிரேக்கைப் புடிச்சான் பாருங்க, பின்னாடி லைட்டே இல்லை. டிரெய்லர்லயும் இல்லை, பைக்குலயும் இல்லை. "இது எரியாம ஒரு அடி நகரக்கூடாது தம்பி, நானே தள்ளிட்டு வாரேன்"னு அவரும் ஒரு கை குடுத்துத்தான் உங்க வண்டி எலக்ட்ரிக் கடை வரைக்கும் வந்தோம்.

அவர் சொன்னது நியாயமுங்க. நான் முப்பது வருசம் லாரி ஓட்டினவன். நாமக்கல் காளியண்ணன்னா குஜராத் வரைக்கும் தெரியும். லோடு வண்டிக்காரனுக்கு முன்னாடி சிவப்பு தெரியலேன்னா அங்க வண்டியே இல்லைன்னு அர்த்தம். நாம பார்த்து மிதிக்கறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். எத்தனை பார்த்திருக்கேன். அதெல்லாம் இப்ப எதுக்கு.

எங்க போறான்னு கேக்கறீங்களா? சிரிக்காதீங்க. உப்பைப் பார்க்கப் போறான்.

கட்ச்சுன்னு ஒரு பக்கம் இருக்குதுங்க, குஜராத்துல. தரை பூரா வெள்ளையா, கண்ணுக்கு எட்டின வரைக்கும் உப்பு. நான் அங்க லோடு ஏத்தப் போவேன். ஊருக்கு வந்தா இவன் மடியில ஏறி உட்கார்ந்துட்டு, "உப்புக் காடு எப்படி இருக்கும் சொல்லுங்கப்பா"ம்பான். நான் சும்மா இருக்கமாட்டாம, ராத்திரி நிலா வந்தா தரையில படிக்கலாம்டா, எழுத்துத் தெரியும்டான்னு அளந்து விட்டிருக்கேன். அதைப் புடிச்சுக்கிட்டான். இப்ப டாக்டர் உப்பே சேர்க்கக்கூடாதுங்கறாரு. வீட்டுல யாருக்குமே உப்பு இல்லை. என்ற வீட்டுக்காரி லோகாம்பாள் ஒரே சட்டியில ஆக்கி ஒரே மாதிரிதான் ஊத்துவா. நான் மட்டும் டீக்கடைக்குப் போயி ஒரு வடையைத் திருட்டுத்தனமாத் தின்னுபோட்டு வருவேன். அப்படி இருக்கறவன், உப்பு வாயில வெக்கக்கூடாதவன், உப்புக் காட்டைப் பார்க்கணுமாம். என்னத்தைச் சொல்ல.

வேற என்ன கேட்டான் அவன்? ஒண்ணும் கேக்கலை. பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை, கை நிறைய சம்பளம், பொண்ணு பார்த்துட்டிருந்தோம். திடீர்னு காலு வீங்குச்சு, முகம் வீங்குச்சு, போனா கிட்னி போச்சுன்னுட்டாங்க. கிட்னி குடுக்கலாம்னா எனக்கு ரத்தம் சேரலை. அவங்கம்மாவுக்குச் சர்க்கரை. பெத்தவங்க ரெண்டு பேரும் எடுத்துக்க எடுத்துக்கன்னு நிக்கறோம், ஆஸ்பத்திரிக்காரங்க ரெண்டு பேரையும் வேண்டாம்னுட்டாங்க. அரசாங்கத்துல பேரைப் பதிஞ்சிருக்கு. கூப்பிடுவாங்களாம். எப்பன்னு தெரியாது. கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு தடவை போய்ட்டு வந்துடறேன்னு நிக்கறான். டாக்டரும் தலையாட்டிட்டாரு. போற வழியில ஊர் ஊருக்குப் பை வந்து சேரும்படி ஏற்பாடு பண்ணிட்டான். நான் ஒருத்தன்தான் பாக்கி.

எனக்கு அவனை அனுப்ப ஆசையாங்க? இல்லை. நேராவே சொல்றேன், துளியும் இல்லை. ஆனா வேண்டாம்னு சொல்ல எனக்கு என்ன இருக்கு? அவனுக்குக் குடுக்கறதுக்கு ஏதாவது இருந்தாத்தானே வேண்டாம்னு சொல்ல வாய் வரும். அதனால டிரெய்லரை நானே செஞ்சு தாரேன்னு சொல்லிப்போட்டேன்.

எங்க ஊர்ல லாரிக்குப் பாடி கட்டற பட்டறைக்கு என்ன பஞ்சம். தெரிஞ்ச பட்டறையில சொல்லி, தகரம் அடிச்சு, சின்ன சக்கரம் போட்டு, வெயில்ல மருந்து சூடாகாம உள்ளே தெர்மாகோல் ஒட்டி, அம்சமா வந்துச்சு. லைட்டு மட்டும்தான் தம்பி வம்பு. முதல்ல நான் கையில இருந்த லாரி பல்பைப் போட்டேன். எரியுது, ஆனா மின்மினி மாதிரி எரியுது. தரணி வந்து பார்த்துட்டு, தரணிங்கறது என்ற பையன், "அப்பா, லாரிக்கு இருபத்திநாலு வோல்ட்டு, பைக்குக்குப் பன்னெண்டுதான்"னு சிரிச்சான். அவன் சிரிச்சு நான் பார்த்தே நாளாச்சு. அதுக்காகவே இன்னொரு பல்பை மாத்திப் போட்டிருப்பேன்.

அப்பறம் சீரங்கன்னு எங்க ஊர் எலக்ட்ரீசியன் வந்தான். பைக்கோட பின்லைட் வயரைப் பிரிச்சு ஒரு ஜாயின்ட், அங்கிருந்து ஒரு சாக்கெட், டிரெய்லர்ல இருந்து வர்ற பிளக் அதுல மாட்டிக்கும். இதோ நீங்க இப்பப் புடிச்சிருக்கீங்களே, அதேதான். பிரேக், இண்டிகேட்டர், ராத்திரி லைட்டு, எல்லாம் பளிச்சுனு எரிஞ்சுது. 

பூசை போட்டோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தினோம். நான் திருஷ்டிக்கு ஒண்ணு கட்டினேன், பழம், பச்சை மிளகாய், ஒரு துண்டு கரி. எந்த லாரியும் அது இல்லாம நான் எடுத்ததில்லை. இவன் வந்து பார்த்துட்டு, "இதெல்லாம் எதுக்குப்பா, பார்க்கறவங்க சிரிப்பாங்க"ன்னு பிச்சு மதில் பக்கம் வீசிட்டான். பெத்தவன் கட்டினதுன்னு ஒரு இது வேண்டாமா? எனக்கு அப்படியே வந்துச்சு. ஆனா சீக்காளிப் பையன்கிட்ட எப்படிங்க கோபப்படறது. கோபப்படக்கூட எனக்கு வழியில்லாமப் போச்சு.

அதனால அவனுக்குத் தெரியாம வேற ஒண்ணு கட்டினேன்.

எந்த வண்டிக்கும் முகம்னு ஒண்ணு இருக்குமுங்க. திருஷ்டி முகத்துலதான் கட்டணும், வாலுல கட்டிப் பிரயோசனம் இல்லை. லாரிக்கு பம்பர்ல கட்டுவோம். இந்த டிரெய்லருக்கு முகம் எது? பைக்கோட வாலும் இதோட மூக்கும் சேர்ற இடம். அங்க அந்த சாக்கெட்டுக்கு ஒரு ரப்பர் மூடி இருக்கு பாருங்க, அதுக்குள்ளே பழம் கச்சிதமா உட்கார்ந்துக்கும், வெளிய இருந்து பார்த்தாத் தெரியாது. நூல்ல கட்டினா ஆட்டத்துல அறுந்துரும், அதனால கட்டுக்கம்பி. லாரிக்காரங்க எல்லாரும் கம்பியிலதான் கோர்ப்போம். கம்பியை உள்ளே விட்டு நல்லா முறுக்கி விட்டா அசையவே அசையாது.

மறுநாளே கொல்லிமலை அடிவாரம் வரைக்கும் ஓட்டிப் பார்க்கறேன்னு கிளம்பினான். ராத்திரி திரும்பி வாரான், லைட்டு இல்லை. அவன் உள்ளே போனதும் மூடியைத் திறந்து பார்த்தா, தம்பி, பழம் கருகிக் கிடக்குது. ஒரே நாள்ல. முப்பது வருசத்துல ஒரு பழம் கூட எனக்கு அப்படிக் கருகினதில்லை. அப்பவே தெரிஞ்சு போச்சு, ஊர்க் கண்ணு பூரா இவன் மேலதான்னு. இந்த வயசுல இப்படி ஒரு வண்டியில போறானேன்னு எத்தனை பேரு பார்த்திருப்பாங்க. அதை எடுத்து முச்சந்தியில யாரும் மிதிக்காத மூலையாப் பார்த்துப் போட்டுட்டு, வண்டியை சீரங்கன்கிட்டத் தள்ளிட்டுப் போனேன். அவன் பியூஸ் போயிருக்குன்னு மாத்தினான். எரிஞ்சுது. வீட்டுக்கு வந்து புதுசா ஒரு பழம், கொஞ்சம் பெரிசாவே கட்டினேன்.

மறுபடியும் போச்சு.

சீரங்கன் எர்த் சரியில்லைன்னான். கொக்கியில கிரீஸ் இருக்கு, அது வழியா எர்த் நம்பக்கூடாதுன்னு தனியா ஒரு வயர் இழுத்தான். எரிஞ்சுது. வீட்டுக்கு வந்து மூணு நாளு தாங்கலை. வயர் பூரா மாத்தினான். பல்பை எடுத்துட்டு எல்.ஈ.டி. போட்டான். கடையில நிறுத்தினா கல்யாண வீடு மாதிரி எரியுது, வீட்டுக்கு வந்தா எழவு வீடு. "ஏனுங்கண்ணா, உங்க வீட்டுல ஏதாவது காத்துக் கருப்பு இருக்குதா"ன்னு அவனே கேட்டுப்போட்டான். எனக்கு வந்துச்சே கோபம். ஒழுங்காத் தொழில் தெரியாதவன் பேசற பேச்சா அது? ஒவ்வொரு தடவையும் அவன் கடைக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி கருகின பழத்தை நான் எடுத்துப் போட்டுட்டுத்தான் கொண்டு போவேன். கழிச்ச பழத்தை வண்டியில வெச்சுட்டு அலையக்கூடாது. என்ற பக்கம் ஒரு குறை சொல்ல முடியாது.

இப்படியே கிளம்பற தேதி தள்ளித் தள்ளிப் போச்சு. ஒவ்வொரு தடவையும் அவன் மூட்டையைக் கட்டுவான், அவிழ்ப்பான். பொய் சொல்லக்கூடாது தம்பி, லைட்டு அணைஞ்ச அன்னிக்கெல்லாம் எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு. பையன் வீட்டுல இருக்கான், பக்கத்து ரூம்ல இருமறான், கேக்குது. அது ஒரு நிம்மதி. லோகம்கூட, "சாமி போகவிடலைன்னா நாம என்ன பண்றது"ன்னு ரெண்டு வெங்காயத்தைச் சேர்த்து நறுக்குவா.

இன்னிக்கு விடியறதுக்கு முன்னாடி கிளம்பினோம். கிருஷ்ணகிரி தாண்டற வரைக்கும் நானும் பின்னாடி உட்கார்ந்து வாரேன், அப்பறம் பஸ் ஏறித் திரும்பிக்கறேன்னு பேச்சு. கெஞ்சித்தான் வாங்கினேன். கிளம்பறதுக்கு முன்னாடி நான் கட்டிங் பிளேயரும் கையுமா அந்த மூக்குக்கிட்டக் குத்த வெச்சு உட்கார்ந்திருக்கேன், கம்பியை முறுக்கிட்டு. நிமிந்து பார்த்தா இவன் வாசல்ல நிக்கறான். எத்தனை நேரமா நின்னான்னு தெரியலை. "என்னப்பா பண்றீங்க"ன்னான். "ஒண்ணுமில்லை சாமி, டைட்டா இருக்குதான்னு பார்த்தேன்"னேன். போயிட்டான்.

இப்ப டோல்கேட்ல லைட்டு இல்லைன்னதும் திரும்பி என்னைய ஒரு பார்வை பார்த்தான். போலீஸ்காரருக்குக் கேக்காம, மெதுவாத்தான் கேட்டான். "நான் போகக்கூடாதுன்னா நேராச் சொல்லியிருக்கலாமில்லைப்பா. எதுக்கு வயரை அறுக்கறீங்க?"

நான் வயரை அறுத்தேனாம். பெத்த பையன் கேக்கறான் தம்பி. என்னத்தைச் சொல்றது? திருஷ்டி கட்டினேன்னு சொன்னா அதையும் பிச்சு எறிவான், இருக்கற ஒரு காவலும் போயிரும். சொல்லலேன்னா நான் அறுத்தேன்னு ஆயிருது. அதுக்கப்பறம் அவன் என்கூட ஒரு வார்த்தை பேசலை. இங்க வந்ததும் உங்ககிட்ட ரூம் கேட்டான், பையை எடுத்தான், உள்ளே போயிட்டான்.

என்னங்க தம்பி? என்ன புடுங்கறீங்க? அதைத் தொடாதீங்க, அது இருக்கட்டும், அதுக்கும் லைட்டுக்கும் சம்பந்தமில்லை... அட, பாருங்க! பார்த்தீங்களா எப்படிக் கருகியிருக்கு! காலையில கட்டினது. மஞ்சளா, புதுப்பழம். கிருஷ்ணகிரி வர்றதுக்குள்ள எத்தனை கண்ணு பட்டிருந்தா இப்படி ஆகும். நான் சொன்னேனில்லை.

என்ன? கம்பியா? கம்பிக்கென்ன?

சாக்கெட் பின்னுல படுதா. ரெண்டு பின்னுக்கும் நடுவுல. சாறு வேற இறங்கிப் பச்சை புடிச்சிருக்குதுங்களா. எங்க, வெளிச்சத்துல காட்டுங்க.

அதெப்படி. நான் முப்பது வருசமா கட்டறேன்.

சரி, பியூஸ் போடுங்க. போட்டீங்களா. எரியுது. ஆமா, எரியுது. இப்பக் கம்பியை வைங்க.

...

அணைஞ்சுபோச்சு. இன்னொரு தடவை வைங்க. பியூஸ் வீணாகுதுங்களா? ஆகட்டும், இன்னொரு தடவை. நான் பார்க்கணும்.

போதும் தம்பி. எடுத்துடுங்க. போதும்.

கொஞ்சம் தண்ணி இருக்குதுங்களா.

அப்ப, எல்லாத் தடவையும் இதுதானா. கொல்லிமலையில இருந்து வந்தப்பவும். சீரங்கனை வாயில வந்தபடி பேசினேனே. அந்த ராத்திரி லைட்டு இல்லாம என்ற பையன் மலையடிவாரத்துல இருந்து வந்தானே, பின்னாடி லாரி வந்திருந்தா? நானே லாரிக்காரன். எனக்கே தெரியாம நானே...

டிரெய்லருக்குத் தனியா ஒரு பியூஸ் போட்டுடறீங்களா? போடுங்க. இது போனாலும் பைக்கு லைட்டு நிக்கும்னா போடுங்க தம்பி. அந்த மூடியை இறுக்கி டேப்பைச் சுத்திடுங்க. என்னையாட்டம் எவனும் திறக்க முடியாத மாதிரிச் சுத்துங்க.

அவன்கிட்ட என்னன்னு சொல்றது? நீ போகக்கூடாதுன்னு அறுத்தேன்னு நினைச்சுட்டிருக்கான். இல்லை சாமி, நீ நல்லபடியாப் போகணும்னு கட்டினேன், அதுதான் அணைச்சுதுன்னு சொன்னா எது பெரிய கேவலம்? எனக்குச் செய்யத் தெரிஞ்சது இது ஒண்ணுதான் தம்பி. ரத்தம் சேரலை, கிட்னி சேரலை, ஒரு எலுமிச்சம்பழமாவது சேரும்னு நினைச்சேன்.

கதவு திறக்குது. நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. நானே சொல்லிக்கறேன்.

வா சாமி. முடிஞ்சுதா? சரியாயிருச்சு. பியூஸ்தானாம். தம்பி தனியா ஒண்ணு போட்டிருக்காரு. இது... இது ஒண்ணுமில்லை.

சரி. சரி சாமி, நான் இங்கேயே பஸ் ஏறிக்கறேன். அடுத்த பை மாத்தறதுக்குள்ள நீ ஓசூர் போயி ரூம் எடுத்துரு. அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். ஸ்டார்ட் பண்ணு.

பார்த்தீங்களா தம்பி? என்ற கையைப் பார்த்தான். பழத்தைப் பார்த்தான், அப்பறம் அந்த டேப் சுத்தின இடத்தைப் பார்த்தான். ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டான். உள்ளே சிரிச்சானா, கோபப்பட்டானான்னு தெரியலை, கண்ணாடி கருப்பா இருக்குது. உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?

என்ன சாமி? ஆமா, நிக்கறேன், பின்னாடிதான் நிக்கறேன்.

கேட்டீங்களா? "எரியுதாப்பா"ங்கறான். ஓட்டறவனுக்குப் பின்னாடி எரியறது தெரியாதில்லைங்க, யாராவது நின்னு பார்த்துச் சொல்லணும். நீங்களும்தான் இங்க நிக்கறீங்க, கடைக்காரரே நிக்கறீங்க. என்னையத்தான் கேக்கறான். எரியலைன்னு நான் ஒரு வார்த்தை சொன்னா இறங்கிடுவான். இன்னிக்கு ஒரு ராத்திரியாவது வீட்டுக்கு வந்துருவான்.

எரியுது சாமி! பிரேக் எரியுது! இடது எரியுது... வலது, ஆமா, வலதும் எரியுது! எல்லாம் எரியுது! மழை பேஞ்சா நில்லு! தரணி, இங்க கேளு, அங்கெல்லாம் யாருக்கும் தமிழ் தெரியாது. எந்த லாரிக்காரனையும் நிறுத்தி, "பீச்சே பத்தி ஜல்தா ஹை?"னு கேளு, பின்னாடி எரியுதான்னு பார்த்துச் சொல்லுவான். லாரிக்காரங்க பொய் சொல்லமாட்டாங்க! போ. போயிட்டு வா.

போறான்.

எரியுதுங்க. அந்தப் புளியமரத்துக்கிட்டப் போறான் பாருங்க, ரெண்டும் எரியுது. திரும்பிட்டான். இப்பத் தெரியலை. தெரியலைன்னாலும் எரிஞ்சுட்டுத்தானே இருக்கும் தம்பி? நீங்க போட்ட பியூஸ் தாங்குமில்லீங்க?

நாமக்கல் பஸ் எந்தப் பக்கம் நிக்கும்? நிக்கட்டும், பொறவு போய்க்கறேன். இந்தப் பழத்தை எங்கீங்க போடறது? யாரும் மிதிக்காத இடமாச் சொல்லுங்க.